எழவுக்கு வந்தவரிடம் பேசியது

"பிளக்கு எங்கீங்க இருக்குது?" என்று ஐஸ் பெட்டிக்காரர் மறுபடியும் கேட்டபோதுதான் மௌனிகாவுக்குக் காதில் விழுந்தது. டிவிக்குக் கீழே கையைக் காட்டினாள். அவர் பிளக்கைச் செருகியதும் பெட்டி ஒருமுறை உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. உள்ளே அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் வெங்கடபதி, படுத்திருந்தார். அவரைக் கொன்ற அதே கரண்டுதான் இனி சாயங்காலம் எடுக்கும்வரை அவரைக் கெடாமல் பார்த்துக்கொள்ளப் போகிறது.

நேற்று அவள் காந்திபுரத்துத் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, தேங்காய் எத்தனை விழுந்தது என்று போனில் சொல்லிச் சிரித்தவர். இன்று விடிகாலையில் மோட்டார் எடுத்துவிடத் தோப்புக்குப் போன வெங்கடபதி, வாய்க்கால் ஈரத்தில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்துவிட்டார். ஒரு சத்தம்கூடப் போடவில்லையாம். அந்தக் கம்பி பல நாளாகவே தலைக்கு எட்டும்படி தொங்கியது ஆனைமலை ரோட்டில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரியும். அவரும் கரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் லைன்மேன் ஒருவர் வந்து ஒரு மூங்கில் கழியை முட்டுக்கொடுத்து, இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி.

மதியத்துக்கு மேல் கரண்டு ஆபீஸ் அதிகாரி வந்தார். ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை. கம்பியை இழுத்துக் கட்டத் தெரியாதவர்களுக்கு மாலை வாங்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ராமாமணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இப்பிடி ஆகும்னு நாங்க கொஞ்சமும் நெனைக்கலீங்கம்மா."

ராமாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க என்னங்க பண்ணுவீங்க? எங்க நேரமுங்க. அவருக்கு விதிச்சது அவ்வளவுதானுங்க."

அவள் யாரையும் நோகப் பேசியறியாதவள். பஸ்ஸில் காலை மிதித்தவரிடமே "பரவாயில்லீங்க" என்பவள். காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் பெரியப்பா ராமுலு மௌனிகாவைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். அதிகாரி ஒரு தாளை நீட்டினார்.

"அம்மணி, அம்மாகிட்ட இதுல ஒரு கையெழுத்து வாங்கிக் குடு. உதவித்தொகை கேட்டு மேலிடத்துக்கு எழுதறாங்களாமா" என்றார் பெரியப்பா.

மௌனிகா நின்றபடியே படித்தாள். நேற்றிரவு வீசிய பலத்த காற்றில் கம்பி அறுந்தது. என் கணவர் கவனக்குறைவாக மிதித்துவிட்டார். இது எங்கள் விதி. யார்மீதும் எங்களுக்குப் புகார் இல்லை.

"பெரியப்பா, நேத்து ராத்திரி காத்து அடிச்சுதுங்களா?"

ராமுலு பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வர்றதக் கெடுத்துக்காத அம்மணி. உன்ற அம்மாளுக்கும் ஒரு வழி வேணுமில்ல."

"நானா ஒன்னும் சேத்தலீங்க" என்றார் அதிகாரி. "நீங்க என்ன பண்ணுவீங்க, எங்க விதின்னு உங்கம்மாதான் சொன்னாங்க. இங்க இருக்கறவங்க எல்லாருந்தான் கேட்டாங்க."

அம்மா அப்படிச் சொன்னது உண்மைதான் என்று மௌனிகாவுக்கும் தெரியும். இதில் கையெழுத்து விழுந்தால் நைனா அசட்டையாய்ப் போய்ச் செத்தவர் ஆகிவிடுவார். காற்றின் மேலும் விதியின் மேலும் அவர் மேலும் பழி போகும். மூங்கில் கழி கணக்கிலேயே வராது.

உள்ளே போய் அம்மாவின் காதோரம் குனிந்து படித்துக் காட்டினாள். ராமாமணியின் அழுகை சட்டென்று நின்றது. பெட்டிமேல் கிடந்த மாலையையே பார்த்தாள்.

"மாலை போட்டவருகிட்ட வேறென்னத்தக் கண்ணு சொல்லுவாங்க? எழவுக்கு வந்தவருன்னு பேசினேன். அத ஆபீசுக்குன்னு எழுதிக்கிட்டாங்களா?"

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தாள். மௌனிகா தாளோடு பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க, கம்பி தொங்குதுன்னு அவரு உங்க ஆபீசுக்கு எத்தன நட நடந்தாருன்னு எழுதுங்க. கழிய முட்டுக்குடுத்துட்டுப் போனது உங்க ஆளுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அப்பிடியெல்லாம் எழுத முடியாதுங்கம்மா. அப்புறம் கோர்ட்டு கீர்ட்டுன்னு நீங்கதான் அலையோணும்."

மௌனிகா தாளை அதிகாரியிடமே நீட்டினாள். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பந்தலில் எல்லாக் கண்ணும் தன்மேல் இருப்பது அவருக்குத் தெரிந்தது. சங்கடத்தில், ஊர்ப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"சரிங்கம்மா, வாரேனுங்க."

எழவு வீட்டில் சொல்லக்கூடாத சொல் அது. இங்கே வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதும் இல்லை, போகிறவர்கள் வாரேன் என்று சொல்வதும் இல்லை. ராமுலு தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வாங்க" என்றாள் ராமாமணி. "கோர்ட்டுக்கே வாங்க."

குரல் உயரவில்லை. மரியாதையில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. மௌனிகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே அந்த அதிகாரி, குனியாமலே, காலால் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு செருப்புத்தான் அகப்பட்டது.