எண்பத்தாறு கொடிகளும் ஓர் ஓடுபாதையும்

"என் வீடு எங்கடி?" என்று டோவே ஸ்கோருப் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, விமானச் சங்கத்தின் பின்னறையில் கோப்பைகள்கூட லேசாக அதிர்ந்தன.

"இப்போதைக்கு எடுத்து வச்சிருக்கேன். அப்புறம் போட்டுடுவேன்," என்றாள் டாக்னி தோருப், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எடுத்து வச்சிருக்கியா? வீடு என்ன குளிர்காலக் கோட்டா, மடிச்சு வைக்க? எதிர்ல அந்த ஹோல்கர் வீடு மட்டும் ஜம்முனு நிக்குது."

"அது கிழக்குப் பாதி. அடுத்து அதுவும் போகும்."

"அவனைத்தான் முதல்ல தூக்கியிருக்கணும். இங்க உக்காந்து வாந்தி எடுத்தது அவனா, நானா?"

கையில் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை மேசைமேல் வைக்கவும் இல்லை, திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் இல்லை டோவே. கோபத்திலும் கேக் சாயாமல் பார்த்துக்கொள்வாள், அந்தத் திறமை அவளுக்கு உண்டு.

ரேவ்ஹோல்ம் தீவில் மொத்தம் எண்பத்தாறு வீடுகள், ஒரு புல்வெளி ஓடுபாதை. டாக்னி அந்த ஓடுபாதையிலிருந்து முப்பத்தொரு வருடம் விமானம் ஓட்டியவள். போன இலையுதிர் காலத்தில் மருத்துவர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், இன்னொரு முறை கேட்டார், பிறகு உரிமத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டாக்னி அழுததைத் தீவில் யாரும் பார்க்கவில்லை. பார்க்க முயன்றவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் சங்கத்தின் பின்னறையில், தரையில் உட்கார்ந்தபடியே திரையில் விமானம் ஓட்ட ஒரு சிமுலேட்டர் கட்டினாள். உடைத்துப்போட்ட விமானத்தின் இருக்கை ஒன்று, மூன்று பெரிய திரைகள், ஒரு கணினி.

கணினியில் கிடைத்த தீவு வெறும் பச்சைத் திட்டு. அது அவளுக்குப் போதவில்லை. கேமராவோடு வேலி வேலியாக நின்று படம் எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் தானே செய்து உள்ளே வைத்தாள். யார் வீட்டுக் கூரையில் பாசி, யார் சன்னலில் எத்தனை பூந்தொட்டி என்று தபால்காரருக்குக்கூட அவ்வளவு தெரியாது. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் கொடிக்கம்பம் வைத்தாள், கம்பத்தில் கொடியும் வைத்தாள். நிஜத் தீவில் யாருக்காவது பிறந்தநாள் என்றால்தான் கொடி ஏறும். டாக்னியின் தீவில் எல்லாருக்கும் தினமும் பிறந்தநாள்.

பார்க்க அழகுதான். ஆனால் ஓடாது. கடல்மேல் பறக்கும்வரை நொடிக்கு நாற்பத்தைந்து படம் ஓடும், பட்டு மாதிரி. ஊர் நெருங்கியதும் பதினொன்றுக்கு இறங்கிவிடும். வானம் வெட்டி வெட்டி நகரும், ஓடுபாதை குதித்துக் குதித்து வரும். மே மாதம் திறப்புவிழாவில் சங்கத் தலைவன் ஹோல்கர் பெக் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஓட்டினான். கடைசித் திருப்பத்தில், மதியம் தின்ற ஊறுகாய் ஹெர்ரிங் மீன் திரும்பி வந்தது. ஓடுபாதைத் தீயணைப்பு வண்டியை ஓட்டும் ஸ்வெண்ட்தான் வாளியோடு ஓடிவந்தான். அன்றிலிருந்து ஹோல்கருக்கு அந்த அறை ஆகாது. அதைக் காலி செய்து பில்லியர்ட்ஸ் மேசை போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தான்.

ஐந்து பேர் குழு ஒரு நிபந்தனை வைத்தது. ஞாயிறு பதினோரு மணிக்குக் குழுவின் முன்னால் மூன்று தரையிறக்கம். நொடிக்கு எத்தனை படம் என்று திரையின் ஓரத்தில் தெரியும் எண் ஒரு கணமும் முப்பதுக்குக் கீழே போகக் கூடாது. போனால் சிமுலேட்டர் வெளியே. சிமுலேட்டர் வெளியே போனால் டாக்னியும் வெளியேதான். விமானமும் ஓட்டாமல், சங்கத்தில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் இருப்பவர்களுக்குக் கட்டடச் சாவி கிடையாது என்பது சங்க விதி. விதியை எழுதிய குழுவில் அவளும் இருந்தாள் என்பதை ஹோல்கர் சிரிக்காமல் நினைவுபடுத்தினான்.

திங்களன்று மேகங்களைக் குறைத்தாள். பதினொன்று. செவ்வாயன்று நிழல்களை எடுத்தாள், கடலில் தெரியும் பிரதிபலிப்பை எடுத்தாள். பதினொன்று. புதனன்று படத்தின் கூர்மையையே குறைத்துக்கொண்டே போனாள், தேவாலயம் வெட்டிவைத்த பாலாடைக்கட்டி மாதிரி ஆகும்வரை. அப்போதும் பதினொன்று. வேறு யாராவது என்றால் பில்லியர்ட்ஸ் கோல் வாங்கப் போயிருப்பார்கள். டாக்னிக்கு அதில் ஒரு தடயம் கிடைத்தது. படத்தை இவ்வளவு மட்டமாக்கியும் எண் அசையவில்லை என்றால் குற்றம் படம் வரையும் கார்டில் இல்லை; அது பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மூச்சு முட்டுவது கணக்குப் போடும் சிப்புக்கு. ஊருக்குள் ஏதோ ஒன்று அதை ஓயாமல் கேள்வி கேட்டுத் தொல்லை செய்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஊரைப் பாதி பாதியாகத் தூக்கிப் பார்ப்பதே வழி. அதனால்தான் வியாழன் மதியம், கடற்கரைத் தெருவின் மேற்குப் பக்கம் முழுக்க, டோவேயின் வீடு உட்பட, காணாமல் போயிருந்தது.

"மேற்கு இல்லாம பத்தொம்பது," என்று ஒரு தாளில் குறித்தாள் டாக்னி. மேற்கைத் திரும்ப வைத்தாள். டோவே தன் வீட்டுக் கதவைப் பார்த்துக் கொஞ்சம் அமைதியானாள். கிழக்குப் பாதி மறைந்தது, ஹோல்கரோடு சேர்த்து. டோவே கேக்கைக் கீழே வைத்தாள்.

"கிழக்கு இல்லாமலும் பத்தொம்பது," என்றாள் டாக்னி மெல்ல. "அப்ப தப்பு ஒரு வீட்டுல இல்ல. எல்லா வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. இந்த ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கறது என்ன?"

"நீளமான நாக்கு," என்றாள் டோவே. பிறகு யோசித்து, "அப்புறம் கொடி."

டாக்னி நாற்காலியில் சாய்ந்தாள். கொடியேதான். சூரியன் மறைந்தபின் கொடி பறப்பது அவமானம். சிமுலேட்டரில் இருட்டிய பிறகும் தன் வீட்டுக் கொடி பறந்ததைப் பார்த்து, பிப்ரவரியில் டோவேயே ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அதற்காக டாக்னி ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கட்டளை எழுதினாள்: சூரியன் மறைந்ததா என்று பார், மறைந்தால் இறங்கு. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டாள். எண்பத்தாறு கொடிகளும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே சூரியனின் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

"கொடிகளை எடுத்துடறேன்," என்றாள்.

"எடு. ஞாயித்துக்கிழமை உனக்கு எதிரா முதல் கை என்னோடது." டோவே குழுவில் இருந்தாள், சொன்னால் செய்வாள்.

"அப்ப எண்பத்தாறு பேரும் சூரியனைப் பாக்காம எப்படி இறக்குவாங்க?"

"எங்க தெருவுல எவ பாக்குறா? நேரம் நான் மட்டும்தான் பாப்பேன். என் கொடி இறங்குனா எல்லாரும் இறக்குவாங்க. முப்பது வருசமா அப்படித்தான், வேணும்னா போய்க் கேளு."

டாக்னி கேட்கப் போகவில்லை. டோவேயையே ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு கேக்கை ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, கட்டளைகளை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். டோவேயின் கொடி மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை சூரியனைப் பார்க்கும். மற்ற எண்பத்தைந்தும் தாமாக எதையும் கணக்கிடாது. டோவேயின் கொடி இறங்கும்போது சொல்லும், சொன்னால் இறங்கும். தன் கொடிக்குக் கிடைத்த பதவியைக் கேட்டதும் டோவே மீதிக் கேக்கை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளியன்று முப்பத்தெட்டு. சனியன்று, ஹோல்கர் வீட்டுக்கு மேலே வரும்போது மட்டும் ஒரு நொடி இருபத்தாறுக்குச் சறுக்கியது. போய்ப் பார்த்தால் அவன் தோட்டத்தில் நாற்பது கோழிகள், தனித்தனியாகக் கொத்திக்கொண்டு. டாக்னியே பெருமைக்குச் செய்து வைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முப்பத்தேழைத் தூக்கினாள். பிறகு அன்று முழுவதும் இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள், விரல் மரத்துப்போகும்வரை.

ஞாயிறு, ஹோல்கர் கையைக் கட்டிக்கொண்டு அந்த எண்ணை மட்டும் பார்த்து நின்றான். முதல் இறக்கத்தில் முப்பத்தாறுக்குக் கீழே போகவில்லை. இரண்டாவதில் முப்பத்தைந்து.

"என் கோழிங்க எங்க?" என்றான் ஹோல்கர்.

"மிச்சமெல்லாம் அடைகாக்குது," என்றாள் டாக்னி.

ஸ்வெண்ட் சிரிப்பை இருமலாக்கி மறைத்தான். மூன்றாவதைச் சாயங்கால நேரத்துக்கு வைக்கச் சொன்னான் ஹோல்கர்; எது கடினம் என்று அவனுக்கும் தெரியும். டாக்னி மறுக்கவில்லை. சூரியனைக் கடலுக்குத் தள்ளினாள், ஊரைச் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக மூக்கைத் திருப்பினாள். சூரியனின் கடைசி விளிம்பு நீரில் மறைந்ததும் டோவேயின் கொடி இறங்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து தெருத் தெருவாக ஊர் முழுக்கக் கொடிகள் இறங்கின. எண் முப்பத்துநாலு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. டாக்னி அதைப் பார்க்கவே இல்லை. ஓடுபாதையின் முனையை மட்டும் பார்த்தாள். சக்கரம் புல்லைத் தொட்டபோது எண் முப்பத்தொன்றிலேயே நின்றது.

சிமுலேட்டர் இருக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவன் ஸ்வெண்ட், அவனும் குழுவில் ஒருவன்; அடுத்து டோவே. நாலுக்கு ஒன்று. சிமுலேட்டருக்குப் பொறுப்பாளர் டாக்னி தோருப் என்று அன்றே பதிவேட்டில் எழுதினார்கள், சாவியும் அவளிடமே இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஹோல்கர் ஆல்போர்க் நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டான். மூட்டுவலி என்று அவன் சொன்னான். தலைவர் தேர்தலில் தோற்ற வலி என்று டோவே சொன்னாள். ஸ்வெண்ட் புதன்தோறும் பின்னறைக்குப் பறக்கக் கற்றுக்கொள்ள வந்தான். தீவு முழுக்க டாக்னிக்கும் அவனுக்கும் முடிச்சுப் போட்டு, தேவாலயத்தில் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறது என்றுகூட விசாரித்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவன் கட்டிக்கொண்டது டோவேயை. புதன்தோறும் டோவேயின் கேக் எதற்காக வந்தது என்று டாக்னிக்கு ஏப்ரலிலேயே தெரியும், அவள் யாரிடமும் சொல்லவில்லை. டோவே ஓடுபாதை ஓரத்து ஸ்வெண்ட் வீட்டுக்குக் குடிபோனாள். டாக்னி யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை.