சவ்வுக்கு ஒரு பென்சில் கோடு

பைப்பு அக்கா கை வைத்தால் அடைத்த குழாய் எதுவும் வழிக்கு வந்துவிடும். அவளிடமே வாலாட்டியது கண் அழுத்த நோய் ஒன்றுதான். வலக்கண்ணை அது ஏற்கெனவே விழுங்கிவிட்டது. இடக்கண்ணில் அழுத்தம் குறைய ஆபரேஷன் செய்து, மெல்லிய குழாய் ஒன்று வைத்துத் தைத்தார்கள். அந்தத் தையல் வழியாகவே இப்போது ஒரு சவ்வு உள்ளே புகுந்து படர்ந்துகொண்டிருந்தது. குழாயை அது மூடிவிட்டால் இந்தக் கண்ணும் போய்விடும்.

"வாராவாரம் கண்ணுக்குள்ள ஊசி போட்டுப் பாக்கலாம். எட்டு வாரம். நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா.

கூட வந்த தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க்கா. பட்டது போதும். எங்க வீட்டுல வந்து உக்காரு."

நேற்றே அவளைக் கேட்காமல் அவளுடைய கருவிப் பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டவன் அவன். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"சுவத்துல ஈரம் படர்ந்தா, ஓரத்தச் சுத்திப் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதிடுவேன் டாக்டரம்மா. கோட்டத் தாண்டினா இன்னும் கசியுதுன்னு அர்த்தம். இதுக்கும் போடுங்க."

டாக்டரம்மா ஒரு தாளில் வட்டம் வரைந்து, சவ்வின் ஓரத்தைக் கோடாக்கித் தேதி போட்டார்.

வாராவாரம் புதுக் கோடு விழுந்தது. மூன்றாம் வாரம் சவ்வு பழைய கோட்டைத் தாண்டிவிட்டது.

"நான்தான் சொன்னேனே," என்றான் தம்பி.

"தாண்டினா வேலைய விட்டுட்டு ஓடிடுவாங்களாடா?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். ஆனாலும் ஒவ்வொரு ஊசிக்கும் தானே மேசைமேல் ஏறிப் படுத்தாள்.

ஆறாம் வாரமும் ஏழாம் வாரமும் பழைய கோட்டின்மேலேயே புதுக் கோடு விழுந்தது. எட்டாம் வாரம் டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தார். "நகரல. அழுத்தமும் எறங்கியிருக்கு. ஊசிய நிறுத்திடலாம். ஆனா மாசாமாசம் வரணும், அது மறுபடி கெளம்பலாம்."

"கெளம்பட்டும். தாள்ல இன்னும் எடம் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் பையைக் கேட்டாள்.

"உன்ன ஏணி ஏறக் கூடாதுன்னிருக்காங்கக்கா."

"நான் எதுக்கு ஏறணும்? வச்சவன் ஏறு."

முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவன் பையை விளிம்புக்கு இழுத்தான்.

"பாத்துடா, வார் பிஞ்சு தொங்குது," என்றாள்.

பையைக் கையில் வைத்திருந்த அவன் கண்ணுக்கு அது அதுவரை படவேயில்லை.