பதின்மூன்று எழுத்து, பத்தொன்பது நாள்

என் பெயர் ஒரு தடவையாவது திரையில் வரவேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். இல்லாவிட்டால் கொளுத்துகிற வெயிலில் திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக எனக்கு என்ன தலையெழுத்தா?

என் வீட்டுக்காரர் காசிராஜன் கல்யாண வீடியோ எடுக்கிறவர். தெர்மாகோலில் பெயர் வெட்டி ஒட்டி டைட்டில் போட்டுக்கொண்டிருந்த மனிதர், தொண்ணூற்று மூன்றில் தன் வீடியோ கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார்.

"நீதான படிச்சவ, நீயே கத்துக்க" என்றார்.

"கத்துக்கிறேன். கடைசியில 'டைட்டில்: துர்காதேவி'ன்னு போடணும்."

"பார்ப்போம்."

அவர் 'பார்ப்போம்' எனக்குத் தெரியாதா!

அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்குத் தமிழே தெரியாது. முதல் கல்யாணத்தில் பெண் தீபலட்சுமி, மாப்பிள்ளை ஆனந்தகுமார். மொத்தம் பதின்மூன்று எழுத்து. ஒவ்வொன்றையும் கிராஃப் தாளில் வரைந்து, எந்தெந்தக் கட்டத்தில் புள்ளி விழவேண்டும் என்று எண்ணி, அத்தனையையும் எண்களாகப் புரோகிராமில் அடித்தேன். ஃபிளாப்பியில் ஏற்றும் முன்பே இரண்டு தடவை கரண்ட் போய், அடித்ததெல்லாம் அழிந்து தொலைந்தது. பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் எத்தனை நாள் சோறு தீய்ந்தது என்று கேட்காதீர்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணின் அம்மா கோகிலாம்பாள் கடைக்குப் பார்க்க வந்தார். டிவியில் ஓடவிட்டேன். சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"அடி ஆத்தீ! நல்ல காரியத்துல மொதமொத கறுப்பா? எனக்கு இது வேணாம். தெர்மாகோல்லயே எழுதிருங்க!"

எழுத்துக்குப் பின்னால் திரை முழுக்கக் கறுப்பு. கல்யாண வீட்டுக்குக் கறுப்புச் சேலை கட்டிப் போவேனா நான்? எழுத்தையே பார்த்துப் பார்த்து என் கண் அவிந்து கிடந்திருக்கிறது. "ஒரு நிமிசம் இருங்க மதினி" என்று ஒரே ஒரு வரியில் நிறத்தின் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன். திரை மஞ்சளானது.

"இப்பப் பாரு, மஞ்சளும் குங்குமமுமா எம்புட்டு லட்சணமா இருக்கு! யாரு எழுதுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டரே எழுதிரும்க்கா. பட்டனத் தட்டுனாப் போதும்."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. மதினி படியிறங்கியதும் கிராஃப் தாள் கட்டை அவர் முன்னால் போட்டேன்.

"அதான் அதுவே எழுதிருமாமே! என் பேரையும் எழுதச் சொல்லுங்க, பார்ப்போம்!"

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. என்ன இழவு என்று கடைக்குப் போனேன். தரையெல்லாம் கசக்கிய தாள். கம்ப்யூட்டர் சும்மா மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் துண்டுப் பென்சிலோடு, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். தாளில் கோணல்மாணலாக ஒரே ஒரு 'து'.

"காலையிலருந்து இந்த ஒரு எழுத்துதான் துர்கா. வால எங்கிட்டுக் கொண்டுபோய் முடிக்கணும்னே பிடிபட மாட்டேங்குது."

கோபமும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தன. பென்சிலைப் பிடுங்கினேன்.

"இந்த லட்சணத்துல மிச்சம் நாலு எழுத்த எப்பப் போட்டு முடிப்பீக? எந்திரிங்க!"