ஒரு விரற்கடை இரும்பு

பாலம் முட்டி நின்றதை ஆபரேட்டரம்மா முதலில் உணர்ந்தது காலில்தான். கேபின் தரை ஒரு குலுக்கு குலுங்கியது. அப்புறம்தான் சத்தம் வந்தது. கையிலிருந்த நெம்புகோலை விடாமல், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பாலத்தின் கிழக்கு முனை கரைக்கு நேராக வர இன்னும் நாலடி இருக்கும்போதே அதன் மூலை கரைச்சுவரில் இடித்துக்கொண்டு நின்றது.

ஆற்றின் நடுவே ஒற்றைத் தூணின்மேல் உட்கார்ந்திருக்கிற பாலம் அது. படகு வந்தால் மொத்தப் பாலமும் கால் வட்டம் திரும்பி வழிவிடும். படகு போனதும் திரும்பி வந்து இரண்டு கரைக்கும் நடுவில் கச்சிதமாக உட்காரும். அவளுடைய கேபின் பாலத்தின் நடுவில் இருந்தது. பாலம் திறந்திருக்கும்போது அவளும் மெக்கானிக்கும் தண்ணீருக்கு நடுவே தனித்தீவுதான்.

"என்னம்மா ஆச்சு?" என்று கத்தினார் மெக்கானிக். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இரும்பு நீண்டுடுச்சுண்ணே. பின்னால எடுக்கறேன், முனையைப் பாருங்க."

வெயில் காலத்தில் பாலத்தைத் திறப்பதற்கு முன் அரைமணி நேரம் இரும்பின்மேல் தண்ணீர் அடிக்க வேண்டும். அது எழுதி ஒட்டியிருக்கிற விதி. வெயிலில் காய்ந்த இரும்பு நீளும். நீண்ட இரும்பு கரைக்குள் பொருந்தாது. இன்றைக்கு ஒரு சரக்குப் படகு ஹாரன் மேல் ஹாரன் அடித்து உயிரை வாங்கியது. பன்னிரண்டு நிமிடத்திலேயே அவள் தண்ணீரை நிறுத்திப் பாலத்தைத் திறந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம். படகோ ஆமை மாதிரி ஊர்ந்தது. அதுவரை பாலம் முழுவதும் உச்சி வெயிலில் வெந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் முனையிலிருந்து ஓடி வந்தார். "ஒரு விரற்கடைதாம்மா இடிக்குது."

அதே நேரம் அவள் போன் அடித்தது. தம்பி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டான்.

"அக்கா, பாலம் ஏன் நிக்குது? பின்னால நெஞ்சுவலி கேஸ் இருக்கு."

கிழக்குக் கரையில் வெள்ளை வண்டி நிற்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி மேற்குக் கரையில்.

"சுத்திப் போனா நாற்பது நிமிஷம்," என்றான் தம்பி. "இங்க நிக்கவா, திரும்பவா? சமாதானம் சொல்லாதே. நிஜத்தைச் சொல்லு."

சூடு எத்தனை நிமிடத்தில் இறங்கும் என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

"பதினஞ்சு நிமிஷம். நில்லு."

கையில் இருப்பது ஒரே ஒரு குழாய். அது எந்த மூலைக்குக் காணும்? வயர்லெஸ்ஸை எடுத்துச் சரக்குப் படகைக் கூப்பிட்டாள்.

"உங்க படகுல தீயணைப்பு பம்ப் இருக்குல்ல? திரும்பி வந்து பாலத்து மேல அடிங்க."

"என்னம்மா விளையாடறியா?" என்றார் படகுக்காரர். "இப்பத்தான் தாண்டி வந்தேன்."

"உங்க ஹாரனுக்குப் பயந்துதான் நான் பாதியில நிறுத்தினேன். தப்பு என்னோடதுதான். ஆனா கரையில ஒருத்தர் மூச்சுக்குத் திணறிட்டிருக்காரு."

படகின் எஞ்சின் சத்தம் மாறியது. பின்னோக்கியே வந்து பாலத்தின் பக்கத்தில் நின்றது. அதன் பெரிய குழாயிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் இரும்பில் பட்டதும் ஆவி குப்பென்று எழுந்தது. இந்தப் பக்கம் மெக்கானிக் சட்டையெல்லாம் நனைய நின்று அடித்தார்.

ஒன்பதாவது நிமிடம் பாலத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். இடித்தது. உடனே பின்வாங்கினாள்.

பதினைந்தாவது நிமிடம் தம்பி கூப்பிட்டான். "நீ சொன்ன நேரம் முடிஞ்சுது."

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் கைமாறியது. நோயாளியின் மனைவி. "அம்மா, அவருக்குக் கண்ணு சொருகுது. உங்களை நம்பித்தான் நிக்கறோம்."

"இன்னும் அரை விரல்தான்!" என்று முனையிலிருந்து கத்தினார் மெக்கானிக். "முழு பவரும் குடுத்து உள்ள தள்ளிடும்மா!"

கை நெம்புகோலுக்குப் போனது. தள்ளினால் போய்விடும் என்றுதான் தோன்றியது. ஆனால் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் பாலம் இன்றைக்கு மட்டுமல்ல, ஒரு வாரத்துக்கு அசையாது. கையை இழுத்துத் தொடையில் அழுத்திக்கொண்டாள்.

"முடியாதுண்ணே. அடிங்க, அடிச்சுக்கிட்டே இருங்க!" போனில், "அம்மா, மூணு நிமிஷம்," என்றாள். அந்த மூன்றும் குத்துமதிப்புதான்.

அடுத்த மூன்று நிமிடம் அவள் கடிகாரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பிறகு நெம்புகோலை நூல் நூலாக மெல்ல நகர்த்தினாள். முனை கரையை நெருங்கியது. இரும்பும் இரும்பும் உரசி, பல் கூசுகிற மாதிரி கிறீச்சிட்டது. நிற்கவில்லை. பாலத்தைப் பூட்டும் தாழ்கள் இரண்டு பக்கமும் 'டக் டக்' என்று விழுந்தன.

ஈரம் சொட்டும் பாலத்தின்மேல் ஆம்புலன்ஸ் கேபினை உரசாத குறையாகக் கடந்துபோனது. தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். "நம்ம தண்ணி பம்ப் ரிப்பேர்னு எழுதிடும்மா. யாரு வந்து கேக்கப்போறா?"

அவள் பதிவேட்டை இழுத்தாள். 'தண்ணீர் அடித்தது முப்பது நிமிடமல்ல, பன்னிரண்டு நிமிடம். நிறுத்தியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "அடைப்பை எடுத்துட்டாங்க. பொழச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்றாரு."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"அக்கா," என்றான். "அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை எப்படிக் கணக்குப் போட்டே?"

"போடலடா."

அவன் போனை வைக்கவில்லை. "சாப்பிட்டியாக்கா?" என்றான்.