அறுபதா, நூற்றைந்தா

லென்ஸ் ஒன்று வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போன ஸ்தனிஸ்லாஸ் இரண்டோடு திரும்பி வந்தான். எதையும் ஒரே தடவையில் முடிவு செய்து அவனுக்குப் பழக்கமில்லை. தன் கல்யாணச் சட்டைக்கே நாலு கடை ஏறி இறங்கிய ஆள் அவன். கடைக்காரர் மாணிக்கவேலுக்கு அது தெரியும். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க சார். மூணு நாள் வச்சிப் பாருங்க. எது வேணும்னு போன் பண்ணிட்டு இன்னொண்ண பஸ்ஸுல குடுத்தனுப்புங்க," என்று சொல்லிவிட்டார்.

இரண்டுமே சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ்கள். ஒன்று அறுபது எம்.எம்., இன்னொன்று நூற்றைந்து. எறும்பை எடுத்தால் இரண்டிலும் எறும்பு அதே அளவில்தான் விழும். வித்தியாசம் தூரத்தில் இருந்தது. நூற்றைந்தை மாட்டிக்கொண்டு ஒரு சாண் தள்ளி நின்று எடுக்கலாம். அறுபதென்றால் லென்ஸின் மூக்கு பொருளை இடிக்கிற அளவுக்குப் போக வேண்டும். அதன் கறுப்பு நிழலே பொருளின்மேல் விழுந்து தொலைக்கும். "பீங்கான் பளபளன்னு இருக்கும். யோசிக்காம நூத்தஞ்ச எடுங்க," என்பது மாணிக்கவேலின் யோசனை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாணமும் காதுகுத்தும் பாஸ்போர்ட் சைஸும் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த 2008இல்தான் முதல்தடவையாகப் பீங்கான் பொம்மைகளுக்கு ஒரு கேட்லாக் வேலை வந்திருந்தது. வெளிநாட்டுக்காரனுக்குக் கிளேஸின் வழவழப்பு படத்திலேயே தெரிய வேண்டுமாம். பீங்கானுக்குமேல் ஏற்றும் கண்ணாடிப் பூச்சுக்கு ஊரில் கிளேஸ் என்றுதான் பெயர். பொம்மைக் கம்பெனி முதலாளி குருமூர்த்தி, வியாழக்கிழமை சூளையிலிருந்து இறக்கிய பொம்மைகளைச் சூடு ஆறியதும் பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போதே மச்சினன் ஜூடு வந்து நின்றான்.

"மாமா, நாளைக்கி அக்கா பேர்ல பூசைக்கு எழுதிக் குடுத்துடட்டுமா? அம்மா தெனம் அழுவுது. ஏழு மாசம் ஆச்சு. ஆறு மணிக்குள்ள ஃபாதரு பேரு கேட்டாரு."

ஸ்தனிஸ்லாஸின் மனைவி ஆக்னஸ் அதே பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஏழு மாசத்துக்கு முன்னால், மங்கலம்பேட்டையில் துணி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவருமில்லை. போலீசு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டது. ஊர் அதைவிடச் சுறுசுறுப்பாக ஆளுக்கொரு கதை கட்டியது. இவனுக்கு எந்தக் கதையும் ஒட்டவில்லை. செத்தவர்களுக்கான பூசையில் அவள் பெயரைப் படித்துவிட்டால், தானே கையெழுத்துப் போட்டு அவளைப் புதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தான்.

"சாயங்காலம் சொல்றேன்," என்றான்.

மதியம் ஜன்னலோரம் மேசை போட்டு, குடம் இடுக்கிய பெண் பொம்மை ஒன்றை வைத்தான். முதலில் நூற்றைந்து. பொம்மையின் பாதத்தை எடுத்தான்; பால் மாதிரி சுத்தமாக வந்தது. பிறகு லென்ஸை மாற்றி அறுபதோடு குனிந்து அதே பாதத்தை எடுத்தான். இப்போது கணுக்காலில் ஒரு விரல் ரேகை இருந்தது.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினான். சுழியின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு ஓடியது. பொம்மை சுரண்டும் கத்தி ஆக்னஸின் ஆள்காட்டி விரலில் போட்ட வெட்டு அது. மூன்று வாரம் தினமும் அவன்தான் துணி மாற்றிக் கட்டினான். அந்த விரலை அவனுக்குத் தெரியாதா?

கேமராவோடு கம்பெனிக்கு ஓடினான். ஆக்னஸின் இடத்தில் இப்போது உட்கார்ந்திருந்த பாஞ்சாலை படத்தைப் பார்த்தாள். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இதுக்கா இப்படி வேர்த்து வந்தீங்கண்ணா? மண்ணு பச்சையா இருக்கும்போது கைபட்டா ரேகை வுழுந்துடும். நாங்க ஈர ஸ்பாஞ்சால அழுத்தித் தொடச்சுடுவோம். அக்கா எதுனா ஒண்ண மறந்திருக்கும். அது ஒருதரம் சுட்டு வச்ச பொம்ம, மாசக்கணக்கா சாக்குல கெடந்துச்சு, போன வாரந்தான் எடுத்து கிளேஸ் குடுத்தோம். சுட்ட ரேகை நூறு வருசமானாலும் போவாது."

பாவம், ஆறுதலாகத்தான் சொன்னாள். அவனுக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. அப்படியானால் அது பழைய விரல். அவள் இங்கே விட்டுவிட்டுப் போன மிச்சம், அவ்வளவுதான். நூற்றைந்தில் தெரியாமல் போனது வெளிச்சத்தின் கோளாறாக இருக்கும். கம்பெனி வாசலிலேயே நின்று ஜூடுவுக்குப் போன் போட்டான்.

"எழுதிக் குடுத்துடு ஜூடு."

"சரி மாமா," என்று சொல்லும்போதே ஜூடு அழுதுவிட்டான்.

ஸ்டுடியோவுக்கு வந்து கதவைத் தாழிட்டான். கேட்லாக் வேலையாவது ஒழுங்காக முடியட்டும் என்று பொம்மையை எடுத்து ஈரத்துணியால் தலைமுதல் கால்வரை துடைத்தான். கணுக்காலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினான். ரேகையைக் காணோம்.

துணியைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். சுட்ட ரேகை துணிக்குப் போகாது. துடைத்ததும் போனதென்றால் அது கிளேஸின் மேலே, அன்றைக்குத்தான் வைத்த விரல். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவே வைத்தது. அந்த நேரத்தில் அறைக்குள் அவனைத் தவிர யாருமில்லை. தன் கையாலேயே அதை அழித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினான்.

மறுபடியும் விரல் வைப்பாளோ என்று நூற்றைந்தைப் பொருத்தி, நாலடி தள்ளி நின்று பொம்மை முழுவதையும் ஒரு படம் எடுத்தான். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தான். குடத்தின் வயிற்றில் புதிதாக ஒரு ரேகை. குறுக்கே அதே வெட்டு.

அத்தோடு நின்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். பளபளத்த குடம் அறை முழுவதையும் தனக்குள் சுருக்கி வைத்திருந்தது. ஜன்னல் இருந்தது, கேமராவுக்குப் பின்னால் குனிந்த அவன் இருந்தான், அவன் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக நெட்டுக்குத்தலாக ஒன்று நின்றது. ஸ்டுடியோவின் திரைச்சீலை நீலம். அறையில் வெள்ளைத் துணி எதுவும் இல்லை.

பெரிதாக்கும் பொத்தான்மேல் விரல் போனது. நாலு தடவை அழுத்தினால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் அவள் இருக்கிறாளா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். ஏழு மாசமாக அதைத் தெரிந்துகொள்ளத்தான் தெருத் தெருவாக அலைந்தான். இப்போது விரல் அழுத்த மறுத்தது. திரும்பிப் பார்க்கவும் கழுத்து வரவில்லை.

படத்தை அழித்தான். நூற்றைந்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அறுபதை மாட்டினான். குடத்தை இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோனான். லென்ஸின் கறுப்பு நிழல் குடத்தின்மேல் விழுந்து ஜன்னலை மூடியது, அவனை மூடியது, பின்னால் நின்றதையும் மூடியது. ரேகை மட்டும் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பார்க்கப் பார்க்கவே அதன் பக்கத்தில் ஈரமாக இன்னொரு விரல் பதிந்தது.

கண்ணை எடுக்காமல் இடது கையால் ஜூடுவைக் கூப்பிட்டான்.

"பேரு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன் மாமா. ஃபாதரு எழுதிக்கிட்டாரு."

"போயி அந்தப் பேர அடிச்சுடச் சொல்லு."

"மாமா... அக்கா பத்தி எதுனா தெரிஞ்சுதா?"

"தெரியல. தெரியவும் வேணாம். நீ போயி அடிக்கச் சொல்லு."

அடுத்த போன் பாண்டிச்சேரிக்கு.

"அறுவதே இருக்கட்டும்ங்க."

"அறுவதா?" மாணிக்கவேல் சிரித்தார். "பளபளக்கிற சாமானுக்கு லென்ஸ் நெழலு வுழுமே சார்?"

"வுழட்டும்ங்க," என்றான் ஸ்தனிஸ்லாஸ். "அதுக்காகத்தான் கேக்கறேன்."