தட்டிப் பார்த்த விரல்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு தட்டலில். தட்டியவள் நான்தான். [எடுத்த எடுப்பில் ஒப்புக்கொண்டால் மீதியை எழுதத் தைரியம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விருத்தாசலத்தில் அர்ச்சுனன் என்றொரு தகப்பன்...' வேண்டாம். பழியை என் வீட்டுக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

2

பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து இறக்கிய கப்புகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல கப் 'ணங்' என்னும். கீறல் விட்டது 'டொக்' என்னும்; அதை ஒதுக்கிவிடுவோம்.

2003. மகள் இளமதிக்கு ஆறு வயது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து நாத்தனார் நீலாவதி வந்திருந்தார்.

"ஒரு பாட்டு பாடுடி கண்ணு, அத்த கேக்கறாங்கல்ல?" என்றேன்.

குழந்தை என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் உச்சந்தலையில் விரலால் தட்டி, "சத்தமே வரல அண்ணி. கீறல் வுட்ட பீஸு போலருக்குது" என்றேன். வீடே சிரித்தது.

3

[ஒரே தட்டலில் ஒரு பிள்ளை இப்படி ஆகிவிடுமா? ஆகாது. இன்னும் பலதும் சேர வேண்டும்.]

எட்டு வயதில் வகுப்பில் பேர் கூப்பிட்டபோது அவளுக்குக் குரல் எழவில்லை. உட்கார்ந்திருந்தவளுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து வயதில் கடைக்குப் போக மாட்டாள். வாசலில் விருந்தாளி செருப்பைக் கண்டால் பின்பக்கம் போய்விடுவாள். "கூச்ச சுபாவம்ங்க" என்று அவளுக்காக நானே பதில் சொல்லிப் பழகினேன். அவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே... [முடிக்க மனமில்லை.]

4

இது 2008. நாளை ஆறாம் வகுப்பு, புதுப் பள்ளி. ஒரு வாரமாக ஒரே கேள்வி: "பேரு கூப்புடுவாங்களாம்மா?"

இதுவரை எழுதியதை அவளிடம் நீட்டினேன். 'வீடே சிரித்தது' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்: 'அத்த சிரிச்சா பரவால்ல. நீ ஏம்மா சிரிச்ச?'

அந்த 'வீடே'க்குள் நான் ஒளிந்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்புதான்டா தங்கம். நான் சிரிச்சிருக்கக் கூடாது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அவளுக்காக நானும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டாள்.

5

முடிவு ஒன்று: பேர் கூப்பிட்டதும் கணீரென்று பதில் சொல்கிறாள். [பொய்.]

முடிவு இரண்டு: மறுபடியும் ஆப்சென்ட். [பெற்றவளுக்கு இதை எழுதக் கை வரவில்லை.]

மூன்றாவதை உங்களிடம் விடுகிறேன். நாளைக்கு நீங்கள்தான் டீச்சர். வருகைப் பதிவேட்டைத் திறந்து 'இளமதி' என்று கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, அடுத்த பேருக்குப் போகாமல் கொஞ்சம் காத்திருங்கள்.