கழிவு ஜெபமாலை

இன்னாசிராஜ் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஏஜெண்ட், ஜெபமாலையை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கழிவு" என்றான். அடுத்ததும் கழிவு. அதற்கடுத்ததும் கழிவு. மாதா கோயில் முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் லூர்துமேரியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டார்களா? தருமபுரி தனி மாவட்டமான அந்த வருஷம், டெபாசிட் கட்டினால் மணி தருவோம், வீட்டிலிருந்தே மாலை கோத்துச் சம்பாதிக்கலாம் என்று அவன் வந்தபோது, "நம்ம வேதக்காரருங்க, ஏமாத்த மாட்டாரு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். ஊதுபத்தி, கவர் ஒட்டுவது என்று வந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாள். மாதா மாலை என்றதும் புத்தி மண்டியிட்டுவிட்டது. அவள் பேச்சை நம்பி மிக்கேலம்மாள் கம்மலை அடகு வைத்திருந்தாள்.

"முடிச்சு சரியில்ல. உங்க டெபாசிட் மணிக்கே சரியாப் போச்சு. மறுபடி கட்டினா புது மணி தர்றேன்," என்றபடியே கழித்த மாலைகளைச் சிக்கில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தான்.

அப்போதுதான் லூர்துமேரிக்கு உறைத்தது. கழிவை யாராவது இப்படிப் பதனமாக மடிப்பார்களா?

"கழிவு எதுக்குங்க உங்களுக்கு?"

"கம்பெனி சரக்கும்மா."

"எங்க காசு மணிக்குச் சரியாப் போச்சுன்னா, மணி எங்களுதுங்க."

அவன் சிரித்தான். "நானும் வேதக்காரன்தானே. மாதா மேல ஆணை, ஏமாத்துவேனா?"

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பாதி அவன் மேல், பாதி தன் மேலேயே. பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். ஆளுக்கொரு மாலையை எடுக்கச் சொல்லி, அவன் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.

"முடிச்சு சரியில்லேன்னீங்களே, செபம் சொல்லியே பாத்துரலாம். முதல்ல நீங்க ஆரம்பிங்க."

"பாலக்கோடு பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா..."

"மாதா மேல ஆணை போட நேரம் இருந்துச்சுங்களே?"

மிக்கேலம்மாள் எழுந்துபோய்க் கேட்டைச் சாத்தினாள். மற்றவர்கள் அவனைச் சுற்றி முழங்காலிட்டார்கள். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை.

"செபம் வரலேன்னா எங்க காசு வரட்டும்ங்க," என்றாள் லூர்துமேரி.

பஸ் போய்விட்டது. பெண்கள் எல்லாரும் செபம் தொடங்கும் சிலுவையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அவன் விரல்கள் மட்டும் மாலையின் நடுவில் ஏதோ ஒரு மணியைப் பிடித்திருந்தன.